டிங்கிக்கு மின்மோட்டார்: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

பிரிட்டனின் கார்ன்வாலில் உள்ள ஃபால்மத் துறைமுகத்தில் படகைக் கட்டிவைக்க மிதவை கிடைத்துவிட்டது, ரப்பர் டிங்கியும் வாங்கியாயிற்று, அதற்குப் பெட்ரோல் மோட்டாரா மின்மோட்டாரா என்றுதான் நீயும் மாப்பிள்ளையும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்களாம். அம்மா போனில் சொன்னாள். என்னைக் கேட்டால் மின்மோட்டாரையே வாங்கு. ஆனால் வாங்கிய அன்றிலிருந்து அதைப் பெட்ரோல் மோட்டார்போல ஓட்டக் கூடாது. அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் டிங்கியில் போய்வருவது அவ்வளவு சுகம்.

உன் பாய்மரப் படகு நடுநீரில் மிதவையில் நிற்கும். கரையிலிருந்து அதுவரை போக, மளிகையும் குடிதண்ணீரும் ஏற்ற, மாலையில் நகரத்துக்குப் போய் நடந்துவிட்டு வர, எல்லாவற்றுக்கும் டிங்கிதான். ஒரு தடவைக்கு அரை மைல், மிஞ்சினால் ஒரு மைல். மின்மோட்டாருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

பெட்ரோலை ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? இரண்டரைக் குதிரைத்திறன் பெட்ரோல் மோட்டாரைக் கயிறு இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். ஆடுகிற டிங்கியில் முழங்காலிட்டு, பின்பக்கம் திரும்பி, தோள்பட்டை வலிக்க இழுக்க வேண்டும். சின்ன மோட்டாரின் கார்புரேட்டரில் நுண்ணிய துளைகள். நடுவில் இரண்டு மூன்று வாரம் ஓட்டாமல் விட்டால் பெட்ரோல் பிசுக்காகி அவற்றை அடைத்துக்கொள்ளும். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அவ்வப்போது மட்டும் ஓடும் மோட்டார்களுக்குத் தொல்லை கூடியிருக்கிறது. இதற்கெல்லாம் மேலே எனக்குப் பயம் பெட்ரோல் ஆவியிடம்தான். அது காற்றைவிடக் கனமானது. கேனில் கசிவு இருந்தால் ஆவி படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கி நிற்கும். அதே படகில் நீ அடுப்பு பற்றவைப்பாய், பாப்பா தூங்குவாள். கேனே படகில் இல்லை என்றால் அந்தக் கவலையும் இல்லை.

மின்மோட்டாரின் விலை பெட்ரோல் மோட்டாரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வரும். அதை மறைக்கவில்லை. நான் தயங்காமல் கொடுத்தேன்.

இந்தச் சின்ன மோட்டார்கள் வந்த வழியும் தெரிந்துகொள். ஜெர்மனியில் ம்யூனிக்குக்குப் பக்கத்திலுள்ள ஸ்டார்ன்பெர்க் ஏரியில் பெட்ரோல் படகு ஓட்ட அளவான எண்ணிக்கையில்தான் அனுமதி தருவார்கள். அந்த ஏரிக்கரையில் 2005இல் தொடங்கிய கம்பெனிதான் டார்க்கீடோ. இப்போது அது யமஹாவின் கையில் இருக்கிறது. இன்னொரு பக்கம் ஹாங்காங்கில் தொடங்கிய ஈபுரொபல்ஷன். டிங்கிக்கென்று பார்த்தால் கடையில் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் உன் முன்னால் வந்து நிற்கும். எதை வாங்கினாலும் நான் சொல்லப்போவது பொருந்தும்.

அரை யூனிட்டில் ஒரு பயணம்

நம் வீட்டுக் கரண்ட் பில்லில் ஒரு யூனிட் என்றால் 1000 வாட்-மணி. டிங்கி மோட்டார்களின் பேட்டரி மாடலைப் பொறுத்து 500 வாட்-மணியும் இருக்கும், 900மும் இருக்கும், 1276மும் இருக்கும். அதாவது பெரும்பாலும் அரை யூனிட்டிலிருந்து ஒன்றேகால் யூனிட் வரைதான். ஒரு லிட்டர் பெட்ரோலிலோ ஏறக்குறைய 9 யூனிட் சக்தி அடைந்திருக்கிறது. சின்ன பெட்ரோல் எஞ்சின் அதில் முக்கால்வாசிக்கு மேல் சூடாகவே வீணாக்கும் என்றாலும் மிச்சம் தாராளம். உன்னிடம் இருப்பது அரை யூனிட். அதைக் கஞ்சத்தனமாக அல்ல, கணக்காகச் செலவு செய்.

கணக்கு எங்கே இருக்கிறது என்றால் கைப்பிடியைத் திருகும் உன் கையில். டிங்கி நீரைப் பிளந்துகொண்டு போகும்போது வேகத்தை இரண்டு மடங்காக்க ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். எட்டடி டிங்கி நான்கு நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தை நெருங்கும்போது தானே எழுப்பிய அலையின் மேடேறத் திணற ஆரம்பிக்கும். அதன் பிறகு எவ்வளவு திருகினாலும் வேகம் ஏறாது, பேட்டரிதான் இறங்கும்.

என் டிங்கியில் இரண்டு பேர் உட்கார்ந்து முழுசாகத் திருகினால் திரையில் 1000 வாட் காட்டும், வேகம் நான்கு நாட்டுக்குக் கொஞ்சம் மேலே. 300 வாட்டுக்குக் குறைத்தால் மூன்று நாட். இப்போது 500 வாட்-மணி பேட்டரியில் 100ஐக் கைவைக்காமல் ஒதுக்கிவிட்டு 400ஐ எடுத்துக்கொள். முழு வேகத்தில் 24 நிமிடம், ஒன்றேமுக்கால் மைல் போவதற்குள் தீர்ந்துவிடும். மூன்று நாட்டில் 80 நிமிடம், நான்கு மைல். நீ இழந்தது நகரப் படித்துறைக்கு இரண்டு மூன்று நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்ததுதான்.

அதனால் முதல் நாளே ஒரு வேலை செய். அலையில்லாத காலையில், நீரோட்டம் நிற்கும் நேரமாகப் பார்த்து, மாப்பிள்ளையும் பாப்பாவும் சாமானும் ஏறியபடியே டிங்கியை ஓட்டு. 150, 300, 500, 1000 வாட் என்று நிறுத்தி நிறுத்தி வேகத்தைக் குறித்துக்கொள். கம்பெனிக்காரர்கள் தரும் அட்டவணை அவர்கள் படகுக்கானது. உன் டிங்கியின் எண்கள் உனக்கு வேண்டும். சின்ன அட்டையில் எழுதி பிளாஸ்டிக் உறை போட்டுப் பின்பலகையில் ஒட்டிவிடு.

நீரோட்டம் தின்னும் பேட்டரி

ஃபால்மத்தில் அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறி இறங்கும் உயரம் நான்கு மீட்டருக்கு மேல். ஆறு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஏறும், அது ஏற்றம்; அதே அளவு நேரம் இறங்கும், அது வற்றம். அந்த ஆறில் மூன்றாவது, நான்காவது மணிநேரங்களில்தான் ஓட்டம் பலமாக இருக்கும். கழிமுகத்தின் குறுகலான இடங்களில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மிதவைகள் சாய்ந்து நின்று பின்னால் வாலிடும்.

நீ மூன்று நாட்டில் போகிறாய், நீரோட்டம் ஒன்றரை நாட் என்று வைத்துக்கொள். கூடப் போனால் தரைக்கு நாலரை நாட், ஒரு மைலுக்கு 13 நிமிடம். எதிர்த்து வந்தால் ஒன்றரை நாட், அதே மைலுக்கு 40 நிமிடம். 300 வாட்டில் போகும்போது செலவு 67 வாட்-மணி, வரும்போது 200. மூன்று மடங்கு! போன வழியேதானே வருகிறோம் என்று மனசு சொல்லும். பேட்டரிக்கு அது வேறு வழி.

திரையைப் பார்ப்பதிலும் இதே கவனம் வேண்டும். சில மோட்டார்கள் ஜி.பி.எஸ். வைத்து 'இன்னும் இத்தனை மைல் போகலாம்' என்று காட்டும். அந்த எண், இந்த நிமிடம் நீ தரைக்கு எவ்வளவு வேகத்தில் போகிறாய் என்பதை வைத்துப் போட்டது. வற்றத்தோடு சேர்ந்து கீழே இறங்கும்போது பெரிய எண்ணாகக் காட்டும். திரும்பின நொடியில் சுருங்கிவிடும். மைலை நம்பாதே, மிச்சமிருக்கும் சதவீதத்தைப் பார்.

பேட்டரி நிறைந்திருக்கும்போது எதிர்நீரில் போ, இறங்கியிருக்கும்போது துணைநீரில் திரும்பி வா. ஆனால் மேலாற்றுப் பக்கம் போவதாக இருந்தால் வற்றத்தை எதிர்த்துப் போய் அதே வற்றத்தோடு திரும்புவதெல்லாம் சரிப்படாது. ரெஸ்ட்ராங்கெட் ஓடை போன்ற கிளைகள் வற்றத்தில் வெறும் சேறாகிவிடும். அங்கே ஏற்றத்தின் கடைசி இரண்டு மணிநேரத்தில் உள்ளே போய், உச்சம் கழிந்த கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடு. ஓத அட்டவணைப் புத்தகம் துறைமுகக் கடைகளில் கிடைக்கும். அதில் உன் வாரக்கடைசிகளை முன்கூட்டியே வட்டமிட்டு வை.

எதிர்நீரில் மாட்டிக்கொண்டால் நடுவில் நின்று மல்லுக்கட்டாதே. ஓட்டம் ஓரத்தில் தளர்ந்திருக்கும், கரையை ஒட்டி வா.

செயின்ட் மாஸ் எதிர்க்கரை ஊர்தானே, டிங்கியிலேயே போய்வரலாமா என்று பாப்பா நிச்சயம் கேட்பாள். வேண்டாம். கேரிக் ரோட்ஸ் எனும் அந்தப் பெரிய நீர்ப்பரப்பு தெற்கே கடலுக்குத் திறந்து கிடக்கிறது. கப்பல்களும் வந்துபோகும் வழி. தென்காற்று கொஞ்சம் எழுந்தால் போதும், காற்றடைத்த ரப்பர் டிங்கி நீரில் ஊன்றி நிற்காது. ஒரு கிலோவாட் மோட்டார் பலத்த எதிர்க்காற்றில் நின்ற இடத்திலேயே நிற்க வைக்கும். அங்கே போக ஃபெர்ரி இருக்கிறது. ஆசையாக இருந்தால் பாய் விரித்துப் படகிலேயே போய் நங்கூரம் போட்டுவிட்டு, கடைசி நூறு இருநூறு மீட்டருக்கு டிங்கியை இறக்கு.

துடுப்பு எப்போதும் கூடவே வர வேண்டும். டிங்கியோடு தரும் துடுப்பு பெரும்பாலும் குட்டையாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருக்கும். நல்ல நீளத்தில் ஒரு ஜோடி வாங்கிவிடு. பாப்பாவுக்கு மோட்டார் பழக்குவதற்கு முன் துடுப்பு போடப் பழக்கு. பேட்டரி தீர்ந்தால் பக்கத்துப் படகில் கேன் கடன் வாங்க முடியாது, அதை மட்டும் மறக்காதே. ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம், இருபது மீட்டர் கயிறு, கையடக்க வி.எச்.எஃப். ரேடியோ, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். ஆகஸ்டிலும்கூட அந்தத் தண்ணீர் நம் கடல்போல வெதுவெதுப்பாக இராது. குளிர்நீரில் திடீரென்று விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சே வசப்படாது. படித்துறை பத்தடி தூரம்தான் என்றாலும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். இரவில் சுற்றிலும் தெரிகிற ஒரு வெள்ளை விளக்கு வேண்டும். ஏழு மீட்டருக்குக் குறைவான, ஏழு நாட்டுக்கு மேல் போக முடியாத படகுக்குச் சட்டப்படி அது போதும்.

சத்தமில்லாத விசிறி

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயம் இது. பெட்ரோல் மோட்டார் ஓடுகிறதென்றால் ஊருக்கே தெரியும். மின்மோட்டார் உயிரோடு இருப்பது யாருக்கும் தெரியாது. கியர் இல்லை, சும்மா ஓடும் நிலை இல்லை. கைப்பிடி நடுவில் இருந்தால் நிற்கும். யாராவது முழங்கையால் இடித்தால் அந்த நொடியே நீருக்குள் இருக்கும் விசிறி (புரொப்பெல்லர்) சுழலத் தொடங்கிவிடும். படகிலிருந்து டிங்கியில் இறங்கும்போது பிடிமானத்துக்குத் தடவிப் பார்க்கும் கை அந்தக் கைப்பிடியில்தான் போய் விழும்.

அதற்காகத்தான் காந்தச் சாவி. சின்ன காந்தத்தை மோட்டாரின் மேல் வைத்தால்தான் ஓடும், எடுத்தால் நின்றுவிடும். அதில் கயிறு கோத்திருக்கும். அந்தக் கயிறு ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ இருக்க வேண்டும், நீ தண்ணீரில் விழுந்தால் காந்தமும் கூடவே வந்துவிடும். டிங்கி உன்னை விட்டுப் போகாது. ஆள் ஏறும்போதும் இறங்கும்போதும் காந்தம் உன் கையில். பாப்பா படகின் பின்னேணியிலிருந்து குதித்து நீந்துகிற நேரம் காந்தம் கேபினுக்குள் ஆணியில். கடற்பாசியோ கயிறோ விசிறியில் சுற்றிக்கொண்டால் முதலில் காந்தத்தை எடு, பிறகு மோட்டாரைத் தூக்கு, அதன் பிறகுதான் கை. இந்த வரிசை உனக்கும் மாப்பிள்ளைக்கும் தூக்கத்திலும் வர வேண்டும். காந்தம் ஒன்று கூடுதலாக வாங்கிப் படகில் வை. தொலைந்தால் மோட்டார் வெறும் சுமை.

நீந்துகிறவர்களுக்கும் நீ வருவது கேட்காது. கடற்கரைப் பக்கம் மெதுவாக வா, வாயைத் திறந்து குரல் கொடு. அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஃபால் கழிமுகத்தில் சிப்பி அரிக்கும் படகுகள் நிற்கும். அங்கே எஞ்சின் வைத்துச் சிப்பி அரிக்கக் கூடாது என்பது விதி. இன்றும் பாயும் துடுப்பும்தான். அடியில் வலைக்கூடையை இழுத்தபடி காற்றில் மெல்ல நகரும் அந்தப் படகுகளால் சட்டென்று ஒதுங்க முடியாது. அவர்களைச் சுற்றிப் பெரிய வட்டமாகப் போ. அந்த விதி நிலைத்திருப்பதால்தான் அந்தச் சிப்பிப் படுகையே பிழைத்திருக்கிறது, அதற்கு நாம் காட்டும் மரியாதை அது.

பூட்டுவதும் கழற்றுவதும்

வாங்குவதற்கு முன் டிங்கியின் பின்பலகை உயரத்தை அளந்துகொண்டு போ. தண்டு குட்டையாக இருந்தால் விசிறி நீர்மட்டத்துக்கு அருகில் வந்து காற்றைக் கடைந்துகொண்டிருக்கும், வேகமே வராது. அளவு சரியாக இருந்தும் அப்படி ஆகிறதென்றால் நீ ஒருத்தியாகப் பின்னால் உட்கார்ந்து எடையைச் சமன் கெடுத்திருப்பாய். சாமானை முன்னே தள்ளு, கைப்பிடிக்கு ஒரு நீட்டுக்குழாய் மாட்டி நடுவில் உட்கார்.

பேட்டரி தனி, மோட்டார் தனி என்று கழலும் மாடலே உனக்கு நல்லது. மொத்தம் பதினைந்திலிருந்து இருபது கிலோவை ஒரே தூக்காகப் படகிலிருந்து டிங்கிக்கு இறக்குவது இடுப்புக்கு ஆகாது. முதலில் பாதுகாப்புக் கயிற்றை டிங்கியில் கட்டு, பிறகு மோட்டாரை இறக்கித் திருகாணிகளை இறுக்கு, கடைசியில் பேட்டரி. கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக. பேட்டரிக்கும் தனிக் கயிறு இருக்கட்டும். சில பேட்டரிகள் மிதக்கும், எல்லாம் மிதக்காது.

கரையில் டிங்கியைக் கட்டிவிட்டு ஊருக்குள் போகும்போது பேட்டரியைத் தோள்பையில் எடுத்துக்கொள். மோட்டாரைப் பூட்டு. பேட்டரி இல்லாத மோட்டாரைத் திருட எவனுக்கும் ஆர்வம் குறையும்.

இன்னொரு பயனும் உண்டு. உன் படகின் டீசல் எஞ்சின் நின்றுபோய், காற்றும் இல்லையென்றால் டிங்கியைப் படகின் பின்பக்க விலாவோடு அணைத்து, முன்னும் பின்னும் குறுக்கிலும் கயிறு கட்டி, டிங்கி மோட்டாரால் தள்ளலாம். ஒன்றரை டன் வரையுள்ள படகுக்கு இந்த மோட்டார்கள் போதுமென்று கம்பெனிகளே சொல்கின்றன. உன் படகு அதைவிடக் கனம் என்றாலும் அலையில்லாத நீரில் மெல்ல நகரும். சுக்கானைப் படகில் ஒருவர் பிடிக்க வேண்டும். அமைதியான ஒரு நாளில் ஒத்திகை பார்த்துவிடு, கயிறுகளின் நீளம் கைக்குப் பழகும்.

சார்ஜ் எங்கே போடுவது

வீட்டிலோ மரினாவிலோ என்றால் பிளக்கில் சொருகு, முடிந்தது. மிதவையில் நிற்கும் படகில்தான் யோசிக்க வேண்டும். படகில் இருக்கும் 110 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 12 வோல்ட்டில் சுமார் 1300 வாட்-மணி. அதைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், ஆக உனக்கு 650. டிங்கி பேட்டரியை ஒரு முறை நிரப்ப, வழியில் வீணாவதையும் சேர்த்து 600 போய்விடும். விளக்கு, ரேடியோ, தண்ணீர் பம்பு எல்லாம் எதில் ஓடும்?

அதனால் 100 வாட் சோலார் தகடு ஒன்றாவது போட்டுக்கொள். கார்ன்வாலின் கோடையில் படுக்கவைத்த தகட்டிலிருந்து நல்ல வெயில் நாளில் 300, 400 வாட்-மணி வரும். தினமும் டிங்கியில் செலவாகும் நூறு, இருநூறை அன்றன்றைக்கே ஈடுகட்ட அது போதும். அடிவரை இறக்கிவிட்டு ஒரேயடியாக ஏற்றுவதைவிட அப்படிச் சிறுகச் சிறுக ஏற்றுவது லித்தியம் பேட்டரிக்கும் இதம். 12 வோல்ட்டிலிருந்து நேரே ஏற்றும் சார்ஜர் அந்தந்தக் கம்பெனியே விற்கிறது. அதையே வாங்கு, பொருந்தாத மலிவு சார்ஜர் கூடவே கூடாது.

நீங்கள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடு. வெயிலில் கொதிக்கும் மூடிய பெட்டிக்குள் வைத்துப் போடாதே. கீழே விழுந்து அடிபட்ட பேட்டரி, உப்பிப்போன பேட்டரி, உள்ளே நீர் புகுந்ததாகச் சந்தேகப்படும் பேட்டரி, மூன்றையும் சார்ஜில் போடாமல் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பு.

டிசம்பரில் ஊருக்கு வரும்போது மோட்டாரை எடுத்துவந்து நம்மூர் ஏரியில் ஓட்டிக் காட்டலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். மோட்டார் வரலாம், பேட்டரி வராது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் எடுத்துவர அனுமதி இல்லை.

உப்பும் குளிரும்

ஓட்டி முடித்ததும் மோட்டாரைத் தூக்கி நீருக்கு வெளியே சாய்த்து வை. கரைக்குக் கொண்டுவரும் நாளெல்லாம் நல்ல தண்ணீரில் கழுவு. பிளக் முனைகள்தான் முதலில் கெடும். உப்பு பச்சையாகப் பூக்கும். கழற்றி, துடைத்து, உலரவிட்டு, சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவிவிடு. விசிறிக்குப் பக்கத்தில் இருக்கும் தியாகத் தகடு கடல்நீரின் அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற உலோகத்தைக் காப்பாற்றும். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்று. விசிறியைக் கழற்றி, தண்டில் மீன்பிடி நரம்பு சுற்றியிருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது பார். அது உள்ளே வெட்டிக்கொண்டு போய் சீலை அறுத்தால் நீர் மோட்டாருக்குள் இறங்கிவிடும்.

குளிர்காலத்தில் படகைக் கரையேற்றும்போது பேட்டரியைப் படகில் விடாதே. பாதி சார்ஜில், வீட்டுக்குள் உலர்ந்த குளிர்ச்சியான அலமாரியில் வை. முழுசாக ஏற்றி வைத்தாலும் சீக்கிரம் கிழடாகும், காலியாக வைத்தாலும் ஒரேயடியாகச் செத்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் பாதிக்கு ஏற்று. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் லித்தியம் பேட்டரியில் சார்ஜ் போட்டால் உள்ளே உலோகமாகப் படிந்து கெட்டுவிடும். காரின் டிக்கியில் இரவெல்லாம் கிடந்ததென்றால் வீட்டுக்குள் கொண்டுவந்து சில மணிநேரம் வைத்திருந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு சொருகு. வசந்தத்தில் படகை நீரில் இறக்குவதற்கு முந்தைய வாரம் முழுசாக ஏற்றி, பின்பலகையில் ஒட்டிய எண்களை மறுபடி ஓட்டிச் சரிபார். போன வருடம் போன தூரம் போகிறதா என்று தெரிந்துவிடும்.